அரசியை வெட்டலாமா?

சதுரங்கப் பலகையில் அரசனுக்கு மதிப்பு அதிகம். அரசிக்கு வலிமை அதிகம். அத்தகைய அரசியை எதிரி காவலின்றி விட்டுவிட்டால், ஆடுபவரின் கை தானாகவே அவளை நோக்கி நீளும். பெரும்பாலும் அவ்வாறு வெட்டுவது சரியான செயலே. எனினும், சில வேளைகளில் அந்த அரசி தூண்டில் முள்ளில் செருகிய புழுவாக இருப்பதுண்டு. எப்போது வெட்டலாம், எப்போது கையை மடக்கிக் கொள்ள வேண்டும் என்பதைச் சில உண்மையான ஆட்டங்களின் துணைகொண்டு இங்கே ஆராய்வோம்.

முதலில் காய்களின் பெயர்களை வரையறுத்துக் கொள்வோம். மூலையில் நின்று நேராகச் செல்வது யானை. குறுக்காகச் செல்வது மந்திரி. தாவிச் செல்வது குதிரை. முன் வரிசையில் நிற்பவர்கள் சிப்பாய்கள். அரசியோ நேராகவும் செல்வாள், குறுக்காகவும் செல்வாள். இவ்வாற்றல் அவளுக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. இந்தியாவில் தோன்றிய பழைய சதுரங்கத்தில் அரசனின் பக்கத்தில் ஓர் ஆலோசகன் நின்றான். அவன் குறுக்கே ஒரு கட்டம் மட்டுமே நகர முடியும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் விதிகள் மாறிய பின்னரே அக்காய் பலகை முழுவதும் ஆட்சி செலுத்தும் அரசியாயிற்று. வலிமை கூடியபோது, அவளை வெட்டும் ஆசையும் கூடிற்று.

இவ்வாசையைப் பயன்படுத்திக் கொள்ளும் வலைகளுள் ஒன்று 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரத்தைச் சேர்ந்தது. பிலிடோர் என்னும் மேதைக்கு ஆசிரியராக விளங்கிய லெகால் என்பவரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. இரு தரப்பினரும் அரசனின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே வைக்கின்றனர். வெள்ளைக் குதிரை அச்சிப்பாயைத் தாக்க, கறுப்பு தன் அரசியின் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திக் காவல் செய்கிறது. வெள்ளை மந்திரி வெளியே வந்து கறுப்பு அரசனின் பக்கத்துச் சிப்பாயைக் குறி பார்க்கிறது. கறுப்பு மந்திரியும் வெளியே வந்து வெள்ளைக் குதிரையின் எதிரே நிற்கிறது. அக்குதிரை விலகினால் அதன் பின்னே நிற்கும் அரசி வெட்டுப்படுவாள். வெள்ளை தன் இரண்டாவது குதிரையையும் வெளியே கொணர, கறுப்பு ஓரத்துச் சிப்பாய் ஒன்றை வீணே நகர்த்துகிறது.

இப்போது வெள்ளைக் குதிரை துணிந்து விலகி நடுச் சிப்பாயை வெட்டுகிறது. அரசி காவலிழந்து நிற்கிறாள். கறுப்பு மந்திரி மகிழ்ச்சியுடன் அவளை வெட்டுகிறது. உடனே வெள்ளை மந்திரி அரசன் பக்கத்துச் சிப்பாயை வெட்டிச் 'செக்' வைக்கிறது. கறுப்பு அரசனுக்கு முன்னே செல்ல ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அங்கே அவன் வந்ததும் இரண்டாவது குதிரை நடுவே பாய்ந்து மீண்டும் 'செக்' வைக்கிறது. இரண்டு குதிரைகளும் ஒரு மந்திரியும் எல்லா வழிகளையும் அடைத்துவிட்டன, ஆட்டம் முடிந்தது. அரசியை வென்றவன் அரசனை இழந்தான்.

இவ்வலையில் கவனிக்கத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. கறுப்பு ஆசைப்படாமல், அரசிக்குப் பதிலாக அக்குதிரையை வெட்டியிருந்தால் என்ன ஆகும்? வெள்ளை அரசி கறுப்பு மந்திரியை வெட்டுவாள். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் மிச்சம். அதாவது, எதிரி வலையில் விழாவிட்டாலும் விரித்தவனுக்கு நட்டமில்லை. ஆனால் கறுப்பின் அரசி பக்கத்துக் குதிரை முன்னரே வெளியே வந்து நடுச் சிப்பாய்க்குக் காவல் நின்றால் கதையே வேறு. அக்குதிரை வெள்ளைக் குதிரையை வெட்டுவதோடு தன் மந்திரிக்கும் காவலாகிவிடும். வெள்ளை ஒரு சிப்பாய்க்காக ஒரு குதிரையைப் பறிகொடுக்கும். ஆகவே நல்ல வலை வேறு, வெறும் சூதாட்டம் வேறு. எதிரி சரியாக ஆடினாலும் நிலைகுலையாதது நல்ல வலை. எதிரியின் தவற்றை மட்டுமே நம்பி நிற்பது சூதாட்டம்.

அரசியை விலை பேசி விற்பதும் உண்டு. பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான், 1930-31இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் முன்னாள் உலக வெற்றி வீரர் காபபிளாங்காவுடன் மோதினார். காபபிளாங்காவின் இரண்டு யானைகளும் வெள்ளையின் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டன. சுல்தான் கான் தம் அரசியைக் கொடுத்து அவ்விரு யானைகளையும் வாங்கிக் கொண்டார். வழக்கமான கணக்கில் அரசிக்கு 9 புள்ளி, யானைக்கு 5 புள்ளி. இரண்டு யானைகள் 10 ஆகின்றன. பலகையில் சிப்பாய்கள் அடைத்து நின்றமையால் தனித்து உலவிய கறுப்பு அரசிக்குத் தாக்குவதற்கு ஏதும் அகப்படவில்லை. வெள்ளை யானைகளோ மெல்ல மெல்ல ஒரே வரிசையில் சேர்ந்தன. முடிவில் சுல்தான் கானே வென்றார். 1966இல் மறைந்த அவருக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024ஆம் ஆண்டில்தான் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கிற்று.

வெட்டப்படும் அரசியைப் பற்றிக் கூறினோம். வெட்டப் போகும் அரசிக்கும் ஆபத்து உண்டு. 1972இல் ரேக்யவிக் நகரில் நடந்த உலகப் போட்டியில் பாபி பிஷர், 'நஞ்சூட்டிய சிப்பாய்' எனப் பெயர் பெற்ற சிப்பாயைத் தம் அரசியால் இருமுறை வெட்டினார். ஏழாவது ஆட்டம் சமனாயிற்று. பதினோராவது ஆட்டத்தில் ஸ்பாஸ்கி தம் குதிரையைப் பின்வாங்கி, அதன் தொடக்க வீட்டிலேயே வைத்தார். பிஷரின் அரசி வெளியேற வழியின்றிச் சிக்கிக் கொண்டாள். ஒரு சிப்பாயின் ஆசை அரசியையே விலையாகக் கேட்டது. போட்டி முழுவதையும் பிஷரே வென்றார் என்றாலும், அந்த ஆட்டம் இன்றும் பாடமாக நிற்கிறது.

இனி, நம் சென்னை விசுவநாதன் ஆனந்தின் அனுபவம். இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டராக அவர் உயர்ந்த 1988ஆம் ஆண்டிலேயே, சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் கொலம்பிய வீரர் சபாட்டாவிடம் ஆறே நகர்த்தல்களில் ஆட்டத்தை விட்டுக் கொடுத்தார். தம் நடுக் குதிரைக்குக் காவலாக ஒரு மந்திரியை வைத்தார். உடனே வெள்ளை அரசி அக்குதிரைக்கு நேர் எதிரே வந்து நின்றாள். குதிரையின் பின்னே அரசன் நின்றமையால் குதிரை நகர முடியாது. சிப்பாய் ஒன்று முன்னேறித் தாக்கினால் அது வீழும். இத்தவறு நேர்ந்தது எவ்வாறு? அதே நகர்த்தலை 1987இல் வேறொரு கிராண்ட் மாஸ்டர் ஆடியிருந்தார். அந்த ஆட்டம் சமனாக முடிந்தது. அச்சில் வந்தது சரியாகவே இருக்கும் என்று ஆனந்த் நம்பிவிட்டார். பிறர் சோதித்த பாதையையும் நம் கண்ணால் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

அத்தோல்வி அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. 2002 அக்டோபரில் ஹைதராபாத் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியின் இறுதியில் காசிம்ஜானோவை வென்று கோப்பையை அவர் தக்க வைத்துக் கொண்டார். இன்று அந்நகரின் கொண்டாப்பூர்ப் பகுதியில் வாழும் நம் போன்ற குடும்பங்களிலும் பிள்ளைகள் சதுரங்கம் பயில்கின்றனர். அருகிலுள்ள வாரங்கல்லைச் சேர்ந்த அர்ஜுன் எரிகைசி, 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியதை அப்பிள்ளைகள் அறிவர். ஆனால் அவர்களுள் பலர் முதலில் கற்க விரும்புவது விரைவில் வெல்லும் தந்திர வலைகளையே. வலையில் விழாத எதிரி வந்தவுடன் அவர்கள் செய்வதறியாது திகைக்கின்றனர். சிலர் ஆட்டத்தையே கைவிடுகின்றனர்.

ஆகவே, பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு வலைகளை மட்டும் கற்பிக்காமல் மூன்று வினாக்களையும் கற்பிப்பது நலம். எதிரி இக்காயை ஏன் விட்டு வைத்தான்? நான் வெட்டிய பின் என் அரசனுக்கு 'செக்' வைக்கும் காய்கள் எவை? வெட்டாமல் விட்டால் எனக்கு இதைவிட நல்ல நகர்த்தல் உண்டா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பிறகு அரசியைத் தாராளமாக வெட்டலாம். அஞ்சி அஞ்சி எதையும் வெட்டாதிருப்பதும் தோல்விக்கே வழி. ஆசையை அடியோடு துறக்க வேண்டுவதில்லை. காயைத் தொடுவதற்கு முன் அரை நிமிடம் அதை நிறுத்தி வைத்தால் போதும்.