நாய்க் கண்காட்சியில் நிமிர்ந்து நிற்க: குட்டிக்குப் பயிற்சி வீட்டு வாசலிலேயே தொடங்கட்டும்

நான் முதன்முதலாக நாய்க் கண்காட்சிக்குக் கொண்டு போனது ஏழு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. தோட்டத்தில் எல்லோரும் கண் வைத்த அழகு. நடுவர் கையை நீட்டியதும் வாலை ஒடுக்கிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. பல்லைப் பார்க்கவும் விடவில்லை. வந்த வேகத்தில் வெளியேறினோம்.

தவறு குட்டியுடையதல்ல, என்னுடையது. ஏழு மாதமும் வேலிக்குள்ளேயே வளர்த்தேன். வேற்று ஆள் கை அதன் மேல் பட்டதே இல்லை. நல்ல தீனியும் பளபளக்கும் ரோமமும் போதும் என்று நினைத்திருந்தேன். இன்று நம் இளைஞர்கள் பலர் காசு சேர்த்து நல்ல இனக் குட்டிகளை வாங்குகிறார்கள். அவர்களுக்கும் இதே ஏமாற்றம் வரக் கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம்.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

இது நாய்க்கு நாய் நடக்கும் அழகுப் போட்டி அல்ல. ஒவ்வோர் இனத்துக்கும் உயரம், தலை, பல், முதுகு, கால், நடை, குணம் எல்லாம் எழுதி வைத்த இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்துக்கு எந்த நாய் நெருக்கமாக இருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. நாயை நிற்க வைத்துப் பார்ப்பார், உதட்டைத் தூக்கிப் பல் வரிசையைப் பார்ப்பார், உடம்பைக் கையால் தடவிப் பார்ப்பார். ஆண் நாய்க்கு இரண்டு விரைகளும் இறங்கியிருக்கின்றனவா என்றும் சோதிப்பார். பிறகு ஓடவிட்டு நடையைப் பார்ப்பார். இத்தனைக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. அந்த நேரத்தில் கூனிக் குறுகி நிற்கும் நாயின் நல்ல முதுகு நடுவர் கண்ணில் படவே படாது.

முதலில் தாள்

நம் நாட்டில் இனநாய்ப் பதிவைச் செய்வது மலேசிய கென்னல் சங்கம். அது எஃப்.சி.ஐ. என்ற அனைத்துலகச் சம்மேளனத்தின் உறுப்பினர். வம்சாவளிச் சான்றிதழ் இல்லாத குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் இன வகைப் போட்டியில் நிற்க முடியாது. "தாள் பிறகு வரும்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். தாய் நாயையும் அதன் சான்றிதழையும் நேரில் பாருங்கள்.

எஃப்.சி.ஐ. விதிப்படி 6 மாதத்துக்கு உட்பட்டவை ஒரு பிரிவு, 6 முதல் 9 மாதம் வரை குட்டிப் பிரிவு, 9 முதல் 18 மாதம் வரை இளையோர் பிரிவு. பதிவுக்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் வயதுப் பிரிவைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் ஊராட்சி மன்றத்தின் நாய் உரிமத்தையும் மறக்க வேண்டாம். எந்த இனம், எத்தனை நாய் என்பதில் மன்றத்துக்கு மன்றம் விதி மாறும்.

எப்போது தொடங்குவது?

குட்டி வீட்டுக்கு வந்த வாரமே தொடங்கலாம். பிறந்து மூன்று வாரம் முதல் ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். இந்த வயதில் பயமில்லாமல் பார்த்தவற்றைப் பெரிதானபின் கண்டு மிரளுவது குறைவு. ஆனால் பார்வோ போன்ற கொடிய நோய்கள் தாக்குவதும் இதே வயதில்தான். தடுப்பூசிகள் முடியும் வரை மற்ற நாய்கள் திரியும் இடத்தில் தரையில் இறக்கிவிடாதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்: மோட்டார் சைக்கிள் சத்தம், குடை, தொப்பி போட்ட ஆள், சேலை கட்டிய பாட்டி, ஓடியாடும் பிள்ளைகள். எதையும் திணிக்க வேண்டாம். குட்டி பின்வாங்கினால் நீங்களும் இரண்டு அடி பின்வாங்குங்கள்.

நிற்கக் கற்றுக்கொடுப்பது

உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நக அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். குட்டி நான்கு காலில் நிற்கும்போது ஈரலை மூக்குக்கு நேராகப் பிடியுங்கள். மேலே தூக்கினால் உட்கார்ந்துவிடும், தாழ்த்தினால் படுத்துவிடும். நின்ற அந்த நொடியிலேயே "நில்" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தமிழ்ச் சொல்லே போதும். ஆனால் வீட்டில் எல்லோரும் அதே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "நில்" என்றும் தம்பி "ஸ்டே" என்றும் சொன்னால் குட்டி யாரைக் கேட்கும்?

இங்கே பலர் ஒரு பிழை செய்கிறோம். குட்டி வந்ததும் முதல் வேலையாக உட்காரக் கற்றுக்கொடுத்து, உட்கார்ந்தால்தான் தீனி என்று பழக்கிவிடுகிறோம். பிறகு நடுவர் முன்னாலும் அது மரியாதையாக உட்கார்ந்துவிடும். கண்காட்சிக்கு என்று வளர்க்கும் குட்டிக்கு முதல் சில மாதங்கள் நின்றால்தான் தீனி என்று இருக்கட்டும்.

நிற்கப் பழகிய பிறகு கால்களை ஒழுங்குபடுத்தலாம். முன்காலைப் பாதத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், குட்டி உதறிவிடும். முழங்கைப் பக்கம் பிடித்து இலேசாகத் தூக்கித் தோளுக்கு நேர்கீழே வையுங்கள். பின்காலையும் அதேபோல மேற்பகுதியில் பிடித்து, பின் கணுக்குக் கீழுள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் மட்டும் வேறு மாதிரி: ஒரு பின்கால் பின்னுக்கும் மற்றது வயிற்றுக்குக் கீழே சற்று முன்னுக்கும் இருக்கும். முதுகை அழுத்தி நேராக்கப் பார்க்காதீர்கள், அழுத்தினால் குட்டி உட்காரும். சிறிய இனங்களை நடுவர் மேசையில் வைத்துப் பார்ப்பார். வீட்டு மேசையில் ரப்பர் விரிப்புப் போட்டுப் பழக்குங்கள். ஒரு கை எப்போதும் குட்டியின் மேல் இருக்கட்டும். ஒரு தடவை விழுந்தால் மேசையைக் கண்டாலே நடுங்கும்.

முதல் நாள் மூன்று நொடி நின்றால் போதும். அடுத்த வாரம் பத்து நொடி, பிறகு அரை நிமிடம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. குட்டி சலிப்படையும் முன் நிறுத்திவிடுங்கள்.

பல்லும் வேற்றுக் கையும்

தினமும் ஒரு தடவை உதட்டைத் தூக்கிப் பாருங்கள், தீனி கொடுங்கள். காது, பாதம், வால், வயிறு எல்லாவற்றையும் தொட்டுப் பழக்குங்கள். ஏறக்குறைய நான்கு முதல் ஏழு மாதத்துக்குள் 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப் பற்கள் முளைக்கும். அப்போது ஈறு வலிக்கும். ஒரு நொடி பார்த்தால் போதும், வாயைப் பிளக்க வேண்டாம்.

அடுத்து, நண்பர்கள் உறவினர்களில் விருப்பமுள்ள நான்கைந்து பேரிடம் நடுவர் வேலை கொடுங்கள். அமைதியாக வந்து, கையை முகரவிட்டு, தலை முதல் வால் வரை தடவிவிட்டுப் போகட்டும். நாயைத் தொடாத அண்டை வீட்டாரும் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் வாசலுக்குக் குட்டியைக் கொண்டு போகாமல் இருப்பது நம் கடமை.

ஓட்டம்

கயிறு தொய்வாக இருக்க, நாய் உங்கள் இடப்பக்கம் சீராகத் துள்ளுநடை போட வேண்டும். பாய்ந்தும் ஓடக் கூடாது, அசைந்தும் நடக்கக் கூடாது. நேராகப் போய்த் திரும்புவது, முக்கோணமாக ஓடுவது, வட்டமடிப்பது ஆகிய மூன்றையும் பழக்குங்கள். நடுவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் மறைத்து நிற்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலையில் மட்டும் ஓடவிடுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது. நாக்கு நீண்டு மூச்சு வாங்கினால் நிழலில் விட்டுத் தண்ணீர் கொடுங்கள்.

அடி வேண்டாம்

"ரெண்டு போட்டால் சரியாக நிற்கும்" என்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அடி வாங்கிய நாயும் நிற்கும், ஆனால் காது பின்னால் போய், வால் ஒடுங்கி, முதுகு வளைந்து நிற்கும். நடுவருக்கு அது ஒரு பார்வையில் தெரியும். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும். கடிபடுவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாக இருக்கும்.

தாள் இல்லாத நாட்டு நாய்க்கும் இதே பயிற்சியைக் கொடுங்கள். கோப்பை கிடைக்காது. ஆனால் ஒரு நாள் காலில் முள் ஏறும், காதில் புண் வரும். அப்போது வாயைக் கட்டாமல், நான்கு பேர் அமுக்கிப் பிடிக்காமல், கால்நடை மருத்துவர் முன் அது அமைதியாக நிற்கும்.

முதல் கண்காட்சிக்கு நாயில்லாமல் போய் வாருங்கள். வளையத்துக்கு வெளியே நின்று, கைதேர்ந்தவர்கள் நாயை எப்படி நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த தடவை குட்டியோடு போங்கள். என் இரண்டாவது குட்டியும் முதல் கண்காட்சியில் பரிசு வாங்கவில்லை. ஆனால் நடுவர் பல்லைப் பார்க்கும்போது வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அதுவே பரிசாக இருந்தது.