வெளியேற்ற வழக்கின் கட்டு யாருக்குத் திறக்கும்?

கலிஃபோர்னியாவில் வாடகைக்குக் குடியிருக்கும் வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையை வெவ்வேறு விதமாகச் சொல்லுகின்றன. வீட்டுக்காரர் கவுண்டி நீதிமன்றத்தில் வெளியேற்ற வழக்குப் போட்டுவிட்டார். தவணை 5 நாள் என்று ஒருவரும், 10 நாள் என்று மற்றொருவரும், 60 நாள் என்று வேறொருவரும் சொல்லுகிறார்கள். இந்த வழக்கின் கட்டை நாளைக்கு வேறொரு வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, உங்களுக்கு வீடு இல்லை என்று சொல்லிவிடுவாரா? எழுதியவர்களில் சிலருக்கு நாள் ஓடிக்கொண்டிருப்பதால் தவணையை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்மனும் வழக்குரையும் நேரில் கையில் சேர்ந்திருந்தால், பதில் கொடுக்க இப்பொழுது உள்ள அவகாசம் 10 நாள். சனி, ஞாயிறு, நீதிமன்ற விடுமுறை நாள்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டா. 2025 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் அது 5 நாளாக இருந்தது. பழைய துண்டுப் பிரசுரங்களை வைத்துக்கொண்டு 5 நாள் என்று சொல்லுகிறவர்கள் இதனால்தான் சொல்லுகிறார்கள். 60 நாள் என்பது பதில் கொடுக்கும் தவணையே அன்று. வழக்கு தாக்கலான தேதியிலிருந்து விடுமுறைகளையும் சேர்த்து எண்ணப்படும் வேறொரு கணக்கு அது. வழக்கின் கட்டு யார் கண்ணில் படலாம் என்பதை நிர்ணயிக்கும் கணக்கு.

நீதிமன்றங்கள் தங்கள் தஸ்தாவேஜுகளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவது வழக்கம். பொதுவாகப் பேசும்போது சிவில் வழக்குகள் யாவும் பகிரங்கமானவை என்கின்றன. கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1999-இல் கே.என்.பி.சி. தொலைக்காட்சியின் வழக்கில் அளித்த தீர்ப்பு அதற்கு ஆதாரமாக நிற்கிறது. வெளியேற்ற வழக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும், அந்தக் கட்டு மறைத்து வைக்கப்படுகிறது, கவலை வேண்டாம் என்கின்றன. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. பகிரங்கம் என்ற கொள்கைக்கு நடைமுறையில் எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை வெஞ்சுரா கவுண்டி காட்டியிருக்கிறது: அன்றன்று தாக்கலாகும் வழக்குகளை உடனுக்குடன் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு செய்தி ஸ்தாபனம் 2011-இல் அந்த நீதிமன்றத்தின் மீது வழக்குத் தொடுத்து, 2020 வரையில் போராட வேண்டியிருந்தது. மாநிலத்தின் 58 கவுண்டிகளுக்கும் 58 உயர்நிலை நீதிமன்றங்கள். எல்லாவற்றையும் ஒருசேரத் தேடக்கூடிய பொதுவான அட்டவணை ஒன்று கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸில் வழக்கு எண்ணைக் கொண்டு தேடினால் இலவசம், பெயரைக் கொண்டு தேடினால் கட்டணம். மறைவு என்று சொல்லப்படுவது எத்தகையது என்பதே கடிதங்களின் சாரமாக இருப்பதால், அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 1161.2-ஆம் பிரிவுதான் இதற்கு மூலம். 2016 வரையில், வழக்கு தாக்கலாகி 60 நாள் கழிந்ததும், அதற்குள் குடியிருப்பவர் ஜெயித்திருந்தாலொழிய, கட்டு எல்லோருக்கும் திறந்துவிடும். ஜெயிப்பதற்கு அவகாசமே இல்லாமல் போனவரும், வழக்கைப் பாதியில் வீட்டுக்காரரே விட்டுவிட்டதால் தப்பியவரும், தோற்றவர்களோடு ஒரே பட்டியலில் சேர்ந்தார்கள். சட்டசபை உறுப்பினர் டேவிட் சூ கொண்டுவந்து 2017 ஜனவரி முதல் அமலுக்கு வந்த திருத்தம் இந்த ஏற்பாட்டை நேர்மாறாகத் திருப்பி அமைத்தது. இப்பொழுது கட்டு மறைவிலேயே இருக்கும். வழக்கு தாக்கலான 60 நாளுக்குள் வீட்டுக்காரர் ஜெயித்தால் மட்டுமே, அந்த 60 நாள் கழிந்ததும் அது ஊரறியத் திறக்கும். அதற்குப் பின் அவர் ஜெயித்தாலும், விசாரணை நடந்து தீர்ப்பாகி, நீதிபதி உத்தரவிட்டாலன்றித் திறக்காது. வழக்குப் போட்டதே களங்கம் ஆகிவிடக் கூடாது என்று கருதிய இந்தத் திருத்தத்தை நான் நல்ல சட்டம் என்றே மதிக்கிறேன்.

ஆனால் இந்த ஏற்பாடு எதை அளக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் மனம் சஞ்சலப்படாமல் இருக்க முடியவில்லை. யார் பக்கம் நியாயம் என்பதை அது அளக்கவில்லை. தீர்ப்பு எவ்வளவு விரைவில் வந்தது என்பதை அளக்கிறது. சம்மன் சேர்ந்து, 10 நாள் அவகாசம் கழிந்து, பதில் மனு வந்து, விசாரணை கேட்டு விண்ணப்பம் போட்டு, அதிலிருந்து 20 நாளுக்குள் விசாரணைக்கு எடுக்கவேண்டும் என்பது விதி. ஒவ்வொரு படியிலும் சில நாள்கள் நழுவினால் 60 நாள் தீர்ந்துவிடும். அவகாசம் 5-லிருந்து 10 ஆக உயர்ந்தபோது 60 என்ற எண்ணை யாரும் தொடவில்லையாகையால், பதில் கொடுத்து வழக்காடுகிற குடியிருப்பாளருக்கு இதில் முன்னைவிட அனுகூலம் கூடியிருக்கிறது. பதிலே கொடுக்காதவருக்கோ நிலைமை வேறு. அவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு சில நாள்களில் வந்துவிடும், 60 நாளுக்கு வெகு முன்பாகவே வீட்டுக்காரர் ஜெயித்தவர் ஆகிவிடுவார், கட்டு திறந்துவிடும். சம்மனின் ஆங்கிலம் புரியாமல் அதை மேஜை டிராயரில் வைத்தவர், இரண்டு வேலை பார்ப்பதால் நீதிமன்றத்துக்குப் போகமுடியாதவர், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர், பயந்துபோய் வீட்டைக் காலி செய்துவிட்டு அதோடு விஷயம் முடிந்தது என்று எண்ணியவர் ஆகியோரே இவ்வாறு வெளிச்சத்துக்கு வருகிறவர்கள். எல்லா வாதங்களையும் எழுப்பி, நாள்களைக் கடத்தி, இறுதியில் தோற்றவருடைய கட்டு அவ்வாறு தானாகத் திறந்துவிடுவதில்லை. ஆகவே, வீட்டைக் காலி செய்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், தவணைக்குள் பதில் மனுவைத் தாக்கல் செய்வது அவசியம் என்பதை வாசகர்களுக்கு வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மனுக் கட்டணம் செலுத்த இயலாதவர் விலக்குக் கேட்டு அதனுடனேயே விண்ணப்பம் கொடுக்கலாம். ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்கலாம். 60 நாளுக்குப் பின் ரத்தானால், ரத்தான அந்த நாளில்தான் வழக்கு தாக்கலானது என்று வைத்து, கணக்கு புதிதாகத் தொடங்கும்.

மறைவான கட்டும் சிலருக்கு என்றைக்கும் மறைவு இல்லை. வழக்கின் தரப்பினரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் பார்க்கலாம். அதே வீட்டில் குடியிருப்பதை நிரூபித்து, தரப்பினர் ஒருவரின் பெயரையோ வழக்கு எண்ணையோ சொல்லுகிறவரும் பார்க்கலாம். தகுந்த காரணம் காட்டி நீதிபதியின் உத்தரவு பெற்றவரும் பார்க்கலாம். இவற்றோடு இன்னொரு வகையினரையும் சட்டம் சேர்த்திருக்கிறது: வாதி ஒருவர் பெயர், பிரதிவாதி ஒருவர் பெயர், அடுக்ககத்தின் வீட்டு எண் உட்பட முழு விலாசம் ஆகிய மூன்றையும் குமாஸ்தாவிடம் சொல்லத் தெரிந்தவர் எவராயினும் சரி. வாடகைக்கு வருகிறவர்களின் பூர்வோத்தரத்தை விற்பனை செய்யும் ஸ்தாபனங்கள் கட்டுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போகாமல் தடுப்பதற்கு இது மிகவும் சாமர்த்தியமான உபாயம்; வழக்கைப் பற்றி முன்பே அறிந்தவருக்கு மட்டும் அது கிடைக்கவேண்டும் என்பதே இதன் உத்தேசம். ஆனால் வீடு கேட்டுப் போகும்போது நாம் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தாளை நினைத்துப் பாருங்கள். அதில் நம் பெயர் இருக்கிறது. முன்பு இருந்த வீட்டின் விலாசம், வீட்டு எண்ணோடு இருக்கிறது. முந்தைய வீட்டுக்காரரின் பெயரும் இருக்கிறது. சட்டம் கேட்கும் மூன்று விவரங்களையும் எவரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அந்த மனிதரின் கையில் நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சட்டத்தின் வாசகப்படி அவர் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டால் கட்டைக் காட்டவேண்டும். நூறு பேரைப் பற்றி ஒரே மூச்சில் விசாரிக்கும் கம்பெனிக்குத்தான் இங்கே தடை. ஒரே ஒருவரைப் பற்றிச் சிரமப்பட்டு விசாரிக்கும் வீட்டுக்காரருக்குத் தடை இல்லை. நடைமுறையில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் கம்பெனியின் அறிக்கையையே நம்புவதால் பாதுகாப்பு ஓரளவுக்குப் பலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், மறைத்து வைக்கப்பட்டது என்று ஒரு ஏழையிடம் சொல்லுகிறவர்கள் யாரிடமிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொரு வரம்பையும் கவனிக்க வேண்டும். பிரிவின் வாசகம் குறைந்த தொகை வழக்குகளைப் பற்றியே பேசுகிறது. 2024 முதல் அதன் உச்சவரம்பு 35,000 டாலர். பல மாத வாடகை பாக்கி சேர்ந்து கோரிக்கை அதைத் தாண்டிவிட்டால், இந்த மறைவை நம்பி இருக்க முடியாது.

வழக்கு ராஜியில் முடியும் தறுவாயில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ராஜி என்ற பெயரிலேயே வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பு எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு; 60 நாளுக்குள் அவ்வாறு எழுதப்பட்டால், சமாதானமாகப் போனவரே தோற்றவராக நிற்க நேரிடும். இரு தரப்பும் சம்மதித்தால் கட்டை எவருக்கும் காட்டக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிடுவதற்கு அதே பிரிவின் அடுத்த உட்பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன், கட்டு மறைவிலேயே இருக்கவேண்டும் என்ற வாசகத்தை ராஜிப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் தீர்ப்புக்குப் பதிலாக வழக்கு தள்ளுபடி ஆகும்படி கேளுங்கள்.

பெயரைப் பற்றியும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. தமக்கு வழக்கே இல்லாதபோது அட்டவணையில் தம் பெயர் இருப்பதாக ஒருவரும், தம் வழக்கையே காணவில்லை என்று மற்றவரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் நம் பெயர்களுக்கு நேரக்கூடியவையே. தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக ஓரிடத்தில் எழுதி, தலைப்பெழுத்தாக இன்னோரிடத்தில் சுருக்கி, ஒரே ஒலியை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதும் நாம், முன்னும் பின்னும் மாற்றிப் பலவாறு தேடிப் பார்க்கத்தான் வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்கள், முதற்பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் எப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகளோடும் தேட வேண்டியிருக்கும். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய அட்டவணை உதவாது. பிறந்த தேதியும் ஓட்டுநர் உரிம எண்ணும் மின்னணு அட்டவணையில் இருக்கக்கூடாது என்று நீதிமன்ற விதி 2.507 சொல்லுகிறது, பிறந்த தேதியைக் கொடுத்துத் தேட ரிவர்சைடு கவுண்டி அனுமதித்து வந்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் இந்த விதிக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்தரங்கத்தைக் காப்பதற்கு இது நல்லதே. ஆனால் பெயர்ப் பொருத்தம் ஒன்றையே நம்பி அறிக்கை எழுதுகிறவர்களின் பிழையால் வேறொருவரின் வழக்கு உங்கள் தலையில் விழுந்தால், அந்த வழக்கின் விலாசத்தில் நீங்கள் குடியிருந்ததே இல்லை என்பதைக் காட்டி அறிக்கையைத் திருத்தக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லுகிறேன். நகல் பக்கத்துக்கு 50 சென்ட். சான்றிட்ட நகலுக்கு அதற்கு மேல் 40 டாலர். குமாஸ்தா தேடுவதற்கு 10 நிமிஷத்துக்கு மேல் பிடித்தால் 15 டாலர்.

மத்திய நீதிமன்றங்களின் பேசர் தளத்தில் கவுண்டி வழக்கு எதுவும் அகப்படாது.

விவாகரத்து, தொந்தரவுத் தடை முதலிய வழக்குகளின் தஸ்தாவேஜுகளைப் பொதுமக்கள் நீதிமன்றத்துக்கு நேரில் போய்த்தான் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடி பார்க்க முடியாது.

விசாரணையில் பேசியது எழுத்தில் வேண்டுமானால் சுருக்கெழுத்தரிடம் பணம் கட்டி வாங்க வேண்டும். சுருக்கெழுத்தரே இல்லாமல் நடந்த சிவில் விசாரணைக்கு அத்தகைய எழுத்து இராது.

பழைய வழக்கின் கட்டு எத்தனை காலம் இருக்கும் என்பது கடைசிக் கேள்வி. நிலத்தின் உரிமையைப் பாதிக்கும் வழக்கும் பெயர் மாற்றமும் நிரந்தரம். சாதாரண சிவில் வழக்கும் சிறு தாவாவும் 10 ஆண்டு. வெளியேற்ற வழக்கில் பணத்துக்கும் தீர்ப்பு இருந்தால் 10 ஆண்டு. வீட்டைக் காலி செய்வதற்கு மட்டும் தீர்ப்பு இருந்தால் 1 ஆண்டு கழிந்ததும் கட்டை அழித்துவிடலாம். ஆனால் வாடகை அறிக்கை கம்பெனிகள் ஒரு சிவில் தீர்ப்பை 7 ஆண்டு வரையில் குறிப்பிடுவதற்கு மத்தியச் சட்டம் இடம் தருகிறது. அறிக்கை இருக்கும்போது அதை மறுக்கும் ஆதாரம் அழிந்துபோய்விடக் கூடும் என்பதால், ஒருதலைத் தீர்ப்பு ரத்தானவர்களும், வழக்கு தள்ளுபடியானவர்களும், கட்டு மறைவில் இருக்கவேண்டும் என்று உத்தரவு பெற்றவர்களும் அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை அந்த ஓராண்டு முடிவதற்குள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.