உள்ளூர் அரிசி எங்கே என்று கேளுங்கள்

2023 செப்டம்பரில் பினாங்கு மளிகைக் கடைகளில் 26 ரிங்கிட் கட்டுப்பாட்டு விலைக்கு விற்க வேண்டிய 10 கிலோ உள்ளூர் வெள்ளை அரிசிப் பையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இறக்குமதி அரிசியோ விலை ஏறிய நிலையில் தாராளமாகக் கிடைத்தது. சீரற்ற பருவமழையும் எல் நினோ அச்சமும் சேர்ந்ததால், இந்தியா ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. அரிசியை இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் செப்டம்பர் 1 முதல் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆக்கியது. மக்கள் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். அது கடையிலிருந்தே மறைந்தது. டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியையும் நிறுத்தியபோது நம் சமையலறைகள் மறுபடி திண்டாடின.

வானிலையின் சீற்றத்திலிருந்து நம் மண்ணும் தப்புவதில்லை. 2017 நவம்பர் 4 அன்று தொடங்கிய பெருமழை பினாங்கில் 7 உயிர்களைக் கொண்டுபோனது. கதிர் முற்றும் நேரத்தில் வயலில் தண்ணீர் தேங்கினால் பயிர் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளைவிடும். அறுவடை இயந்திரமும் சேற்றில் இறங்காது. வறட்சி வந்தால், கெடா வயல்களும் பினாங்குக் குழாய்களும் நம்பியிருக்கும் மூடா ஆறு இளைத்துவிடுகிறது.

இயற்கையால் வரும் தட்டுப்பாட்டுக்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அதைச் சாக்காக வைத்துக் கொள்ளை லாபம் அடிப்பது 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தனிநபருக்கு 1 லட்சம் ரிங்கிட், நிறுவனத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். தனிநபர் சிறைக்கும் போகலாம். ஆனால் "அநியாய விலை" என்று வாயால் சொன்னால் போதாது. ரசீது, விலை அட்டையின் படம், பையில் அச்சிட்ட ரகம், தேதி ஆகியவற்றோடு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்ணில் புகார் செய்யுங்கள். மலாயில் பேசத் தயங்குபவர்கள் ஜார்ஜ் டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

பயிரை இழந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரிவிடாதீர்கள். முதலில் படம் எடுங்கள், உடனே வட்டார விவசாயிகள் அமைப்பிலோ விவசாய இலாகாவிலோ எழுத்தில் தெரிவியுங்கள். வங்கிக் கடன் இருந்தால், தவணை தவறும் முன்பே ஒத்திவைக்கக் கேளுங்கள். எனக்கு வருத்தம் தருவது நிலப் பத்திரமோ பதிவோ இல்லாத காய்கறித் தோட்டக்காரர்களின் நிலைதான். உழைப்பு அத்தனையும் தண்ணீரில் போன பிறகு, உதவிப் பாரத்தில் எழுத அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவர்களைப் பதிவு செய்ய வைக்க உறவினர்களும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் உதவ வேண்டும்.