இரத்தானதா, இருக்கவே இல்லையா?

பஸ் ஓடாவிட்டாலும் "கென்சல்", பேசிய கல்யாணம் நின்றாலும் "கென்சல்". ஊர்ப் பேச்சுக்கு அந்த ஒரு சொல் போதும். வர்த்தமானிக்கும் தீர்ப்புக்கும் போதாது. அங்கே 'இரத்து' வேறு, 'வலிதற்றது' வேறு. நடுவில் கழிந்த காலம் கணக்கில் சேருமா என்பதுதான் வித்தியாசம்.

இருந்த ஒன்றை இனி இல்லை என்று ஆக்குவது இரத்து. 2022 ஏப்ரல் 1ஆம் திகதி இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். 5ஆம் திகதி இரவே அதை இரத்துச் செய்தார். போட்டவரே எடுத்ததால் 'மீளப்பெற்றார்' என்றும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும், இடைப்பட்ட நாட்களில் அவசரகாலம் இருந்தது இருந்ததுதான்.

வலிதற்றது என்பது கிழக்கு மாகாணத்தார் பட்டறிந்த சொல். 1988 செப்டெம்பரில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன வெளியிட்ட பிரகடனத்தால் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாயின. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் 'இணைப்பை இரத்துச் செய்தது' என்றே இன்றும் பேசுகிறோம். தீர்ப்போ அதைவிடக் கடுமையானது. இணைக்குமுன் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் நின்றிருக்க வேண்டும் என்று மாகாண சபைகள் சட்டம் வைத்த நிபந்தனையை, அவசரகால ஒழுங்குவிதியால் மாற்ற ஜனாதிபதிக்கு அதிகாரமே இருக்கவில்லை. ஆகவே பிரகடனம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, அதாவது வலிதற்றது, என்றது மன்று. 2007 ஜனவரி 1 முதல் இரண்டும் தனித்தனி மாகாணங்கள். அதற்காக, இணைந்த மாகாணத்தில் நியமனம் பெற்ற ஆசிரியர்கள் வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டத்தின் 'இல்லவே இல்லை'யும் அவ்வளவு தூரம் போவதில்லை.

வீட்டுக்குள் 'இரத்து' என்ற பேச்சு வருவது காணி உறுதியோடுதான். மகளுக்கு வீட்டை நன்கொடையாக எழுதிய தாய், பிறகு மனக்கசப்பில் "உறுதியைக் கென்சல் பண்ணு" என்பார். உறுதியிலேயே 'மீளப்பெற முடியாத' என்று எழுதியிருந்தால், நொத்தாரிசிடம் போய் இன்னோர் உறுதி முடித்து அதை இரத்தாக்க வழியில்லை. பிள்ளையின் பெரும் நன்றிகேட்டைக் காரணம் காட்டுவதென்றாலும், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். கையொப்பம் வைக்குமுன் 'மீளப்பெற முடியாத' என்ற சொல் உறுதியில் இருக்கிறதா என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.