தண்ணீரில் ஊறும் விரல்கள்

தர்மபுரி நான்கு ரோடு அருகே இருக்கும் அரசு அங்காடியில் ஏலம் எடுத்த பட்டுக்கூடுகள், நூற்புக் கொட்டகைக்குப் போனதும் கொதிநீரில் வேகும். கூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் பசை இளகினால்தான் இழையின் நுனி சிக்கும். பல கொட்டகைகளில் அந்த நுனியைத் தேடுவது வெறும் விரல்கள்தான். மாசி, பங்குனியில் புளி தட்டும் பெண்களுக்கு வேறு விதமான பாடு. ஓட்டை உடைக்கும் சுத்தியல் தவறி விழுந்தால் நகத்தடியில் ரத்தம் கட்டும். அடிபடாத நாளிலும் புளிப்பு நக இடுக்கில் ஏறி எரியும். இந்தக் கைகளுக்கு வரும் நோயை யாரும் நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை. "நகச்சுத்துதானே" என்று விட்டுவிடுகிறோம்.

நகமும் தோலும் சேரும் இடத்தில் மெல்லிய தோல் விளிம்பு ஒன்று உண்டு. தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்து நிற்பது அதுதான். ஈரத்தில் ஊறியோ, கடித்தோ, அழகுக்காக வெட்டியோ அது போய்விட்டால் வழி திறந்துவிடும். திடீரென்று வரும் நகச்சுத்தில் ஓரிரு நாளில் விரல் சிவந்து, விண்விண்ணென்று தெறித்து, சீழ் கோக்கும். எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகுவது நம் வீட்டு வழக்கம். அதனால் கொஞ்சம் இதமாக இருக்கலாம், ஆனால் கட்டிய சீழ் வெளியேறாது. அதை மருத்துவர்தான் கீறி எடுக்க வேண்டும். ஊக்கால் குத்திக்கொள்ளாதீர்கள்.

ஆறு வாரத்தைத் தாண்டியும் நீடிக்கும் நகச்சுத்து வேறு வகை. வலி குறைவாக இருக்கும். நக ஓரம் உப்பி, நகம் அலை அலையாக வளரும். இதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் பயனில்லை, ஏனென்றால் காரணம் ஈரம். உள்ளே பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை, வேலை முடிந்ததும் விரலிடுக்கை ஒற்றித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுவது என்று கையை உலர வைத்தால்தான் மருந்தும் வேலை செய்யும். அந்தக் கையுறையைத் தொழிலாளி தன் கூலியிலிருந்து வாங்குவது நியாயமே அல்ல. அது முதலாளியின் செலவு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், இஎஸ்ஐ மருத்துவம் உங்கள் உரிமை. பிடித்தம் நடக்கிறதா, அட்டை கைக்கு வந்ததா என்று கேளுங்கள். வீட்டுத் திண்ணையில் புளி தட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

கால் நகம் மஞ்சளாகித் தடித்து, அடியில் மாவாக உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அடிபட்ட நகமும் சொரியாசிஸ் வந்த நகமும் இதே தோற்றத்தில் இருக்கும் என்பதால்தான் பரிசோதனை அவசியம். நகத்துகளைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எளிய சோதனைதான். பூஞ்சை என்று உறுதியானால் பெரும்பாலும் டெர்பினாஃபின் மாத்திரை தருவார்கள்: கைநகத்துக்கு ஆறு வாரம், கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம். கல்லீரல் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரை முடிந்த பிறகும் நகம் பழையபடிதான் தெரியும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், கால்நகம் அதில் பாதிகூட வளராது. கால் கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாக வர ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். இது தெரியாமல் "கேட்கவில்லை" என்று பாதியில் நிறுத்துபவர்கள் ஏராளம்.

மெடிக்கல் ஷாப்பில் விரலைக் காட்டி ஒரு டியூப் வாங்கிக்கொள்வதுதான் இதில் பெரிய ஆபத்து. அந்தக் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அரிப்பும் சிவப்பும் உடனே அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே செழிக்கும். மருந்துச் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் பல ஸ்டீராய்டு தோல் களிம்புகளை 2018-இல் மத்திய அரசு சேர்த்துவிட்டது. சீட்டில்லாமல் தந்தால் வாங்காதீர்கள். வாங்கும் எந்த மருந்துக்கும் ரசீது கேளுங்கள். நகப்பூஞ்சைக்குக் கீட்டோகோனசோல் மாத்திரை தந்தால் இரண்டாவது மருத்துவரைக் கேளுங்கள். கல்லீரலைப் பாதிப்பதால் 2013-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை நகத்துக்குத் தர வேண்டாம் என்றது.

நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் கால்சியம் குறைவு என்பார்கள். அநேகமாக அது சின்ன அடியின் தழும்பு, வளர்ந்து போய்விடும். கவலைப்பட வேண்டியது, நகம் நடுவில் குழிந்து ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும் அளவுக்குக் கரண்டிபோல் ஆவதுதான். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் அது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதற்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் காசு கிடையாது. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நம் ஊர் உணவு, சாப்பிடலாம். சோற்றோடு டீ குடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அது இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும்.

இன்னொரு சோதனையை இப்போதே செய்து பார்க்கலாம். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகுக்கு முதுகு ஒட்டிப் பிடியுங்கள். நடுவே வைர வடிவில் சின்ன இடைவெளி தெரிய வேண்டும். அது அடைபட்டு, விரல்நுனி உப்பியிருந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். நம் மாநிறத் தோலில் பல நகங்களில் கருங்கோடு இருப்பது சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாக வந்து, அகலமாகி, நக ஓரத் தோலிலும் கறுப்பு பரவினால் அது புற்றுநோயாக இருக்கலாம், மருத்துவரிடம் போவதை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் நகத்தடியில் வந்த புற்றுநோய் 1977-இல் கண்டறியப்பட்டது, 1981-இல் இறந்துபோனார்.

சர்க்கரை நோயாளிகள் கால்நகத்தை ஓரம் குடையாமல் நேராக வெட்ட வேண்டும். மரத்துப்போன பாதத்தில் வெட்டுக்காயம் வலிக்காது, புண்ணான பிறகுதான் தெரியும்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகும்போது மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலோடு போங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடாதீர்கள், சோதனைக்குச் சுரண்ட வேண்டும். இதுவரை தடவிய டியூப் அத்தனையும் பையில் இருக்கட்டும். போவதற்கு முன் சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.