அப்டேட்டுக்குப் பின் மடிக்கணினி இரைகிறதா? காசை எடுக்கும் முன்

இரவு அப்டேட் முடிந்தது. காலையில் மடிக்கணினி சூடாகிறது, விசிறி இரைகிறது, திரையில் ஒரு பெட்டியை நகர்த்தினால் படம் இழுபடுகிறது. பாரிஸ் லாச்சப்பலில் ரூ காய் பக்கம் ஒரு திருத்தும் கடையில் கொடுத்தால், "பழசாப் போச்சு அண்ணை, புதுசு வாங்குங்கோ" என்ற பதில் வரலாம். எங்கள் சனம் அதை நம்பிக் காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறது. இந்த இழப்பு தவிர்க்கக்கூடியது.

முதலில் எந்த மென்பொருள் செயலியை (சிபியு) தின்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓடும் மென்பொருட்களின் பட்டியல் திறக்கும். பட்டியலின் உச்சியில் டெஸ்க்டொப் விண்டோ மனேஜர் நின்றால், அல்லது விண்டோஸுக்குப் பதில் உபுண்டு பாவிப்பவர்களுக்கு க்னோம் ஷெல் (பழைய பதிப்புகளில் எக்ஸோர்க்) நின்றால், கோளாறு பெரும்பாலும் கணினியின் வயதில் இல்லை. திரையில் தெரிவதையெல்லாம் வரைந்து தருவது இவற்றின் வேலை. பாரத்தைக் கிராஃபிக்ஸ் சிப் சுமக்கவேண்டும். அப்டேட்டில் அதன் ட்ரைவர் பொருந்தாமல் போனால் செயலியே ஒவ்வொரு படத்தையும் வரையத் தொடங்கும். உபுண்டு செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தால் நடந்தது இதுதான். அப்போது கணினி தொடங்கும்போது வரும் மெனுவில் பழைய கெர்னலைத் தெரிந்து திறந்து பாருங்கள். விண்டோஸில் கிராஃபிக்ஸ் கார்டின் ட்ரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்ப ஒரு பொத்தான் உண்டு. அது மங்கியிருந்தால் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து ட்ரைவரை இறக்குங்கள். எதையும் அழிக்கும் முன் திரையைத் திகதியோடு படமெடுங்கள், பிறகு வாதாட உதவும்.

இதிலும் சரிவராவிட்டால் சட்டம் துணை இருக்கிறது. பிரான்ஸில் புதிதாக வாங்கிய கணினிக்கு 2 ஆண்டுச் சட்ட உத்தரவாதம் உண்டு. கடையில் 'கரான்தி லெகால் து கொன்ஃபொர்மித்தே' என்றே கேளுங்கள். அந்தக் காலத்தில் தென்படும் குறை வாங்கும்போதே இருந்ததாகச் சட்டம் கருதும்; பாவித்த பொருளுக்கு இந்தச் சலுகை 12 மாதம். திருத்தமோ மாற்றமோ 30 நாளுக்குள் நடக்கவேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அப்டேட்களும் இதற்குள் வருகின்றன: பொருளை ஒப்பந்தப்படி வைத்திருக்கத் தேவையில்லாத அப்டேட் பாவனையைக் கெடுத்தால் மறுக்கவோ நீக்கவோ வழி இருக்கவேண்டும். பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் மறுக்காதீர்கள். நீங்களே போட்ட உபுண்டுவுக்கு விற்றவரைப் பிடிக்கவும் முடியாது.

பெரிய நிறுவனமும் தப்பவில்லை. ஐஃபோனை அப்டேட் மந்தமாக்கலாம் என்பதைப் பாவனையாளருக்குச் சொல்லாததற்காக ஆப்பிள் 2020 பெப்ரவரியில் 2.5 கோடி யூரோ தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. விசாரணைக்கு வழி திறந்தது 'ஹோப்' என்ற சிறு சங்கம் கொடுத்த முறைப்பாடு.

கடை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கல்லாவுக்கான கணினியைக் கம்பனி பெயரில் வாங்கினால் இந்த நுகர்வோர் உத்தரவாதம் கிடையாது. மறைந்த குறைக்கான 'வீஸ் காஷே' சட்டம்தான் துணை, அதில் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். பற்றுச்சீட்டு யார் பெயரில் என்பதை வாங்கும்போதே பாருங்கள்.

மந்தமான கணினியில் "வைரஸ், இந்த இலக்கத்துக்கு எடுங்கள்" என்று திரை மிரட்டினால் எடுக்கவேண்டாம். எடுத்துவிட்டால் இணைப்பைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லி, இணைய மோசடிக்கு உதவும் '17சைபர்' தளத்தை நாடுங்கள். திருத்தக் கொடுக்கும் கணினியில் கார்த் து செஜூர் (வதிவிட அட்டை), வங்கித் தாள்களின் பிரதிகள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். எழுதிய விலைமதிப்பு, 'தெவி', இல்லாமல் கொடுக்காதீர்கள்.

விற்றவர் கைவிரித்தால் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள், 'சின்யால்கொன்சோ' தளத்தில் முறையிடுங்கள். 0809 540 550 இலக்கத்தில் அரச நுகர்வோர் துறை பதில் சொல்லும். அதன் பிறகும் தீராவிட்டால் 'கொன்சிலியாத்தர் து ஜுஸ்தீஸ்' என்ற சமரசம் பேசுபவரைச் சந்தியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பிரெஞ்சு தடுமாறினால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், பற்றுச்சீட்டும் எடுத்த படங்களும் கையில் இருக்கட்டும்.