தேநீர்க் கிண்ணம்: முதலில் அடியைப் பாருங்கள்

மாச்சா எனும் பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் ஜப்பானியக் கிண்ணம் 'சவான்'. 16-ஆம் நூற்றாண்டில், தேநீர்க் கலையின் ஆசான் சென் நோ ரிக்கியூவின் ரசனைக்கேற்ப கியோட்டோவில் சோஜிரோ செய்த ராக்கு கிண்ணங்கள் சக்கரம் ஏறாதவை. கையால் பிடித்துச் செதுக்கியவை. விளிம்பு சற்றே ஏறி இறங்கும். அது குறையல்ல.

சேகரிப்பவர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அடி வளையத்தில் பெரும்பாலும் பூச்சு இருக்காது, வெறும் மண்தான். குயவரின் கைப்பாங்கு ஒளிய இடமில்லாத இடம் அது. பிறகு இரு கைகளிலும் ஏந்தி எடை பார்ப்பார்கள். குயவர் கையொப்பமிட்ட மரப்பெட்டியும் இருந்தால் விலை கூடும். ஆனால் பெட்டிக்காகக் கிண்ணம் வாங்குவது அசட்டுத்தனம். ஜப்பானின் தேசியப் பொக்கிஷமான கிசாயேமோன் கிண்ணமே, கொரியாவில் சாதாரணப் புழக்கத்துக்குச் செய்ததாகக் கருதப்படுவதுதான்.

இந்தத் தேநீர்க் கலையில் நம் சோழமண்டலக் கரைக்கும் பங்குண்டு. சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் சோழமண்டலத் துணிகளை ஆசியத் துறைமுகங்களுக்கு அனுப்பினார்கள். ஜப்பானியர் கோடு போட்ட இந்தியத் துணிகளில் தேயிலைச் சிமிழுக்கு உறை தைத்தார்கள்.

ஜப்பானின் பிசென் ஊரில் மண்வேலை கற்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கருடன் 1971-இல் அதே கரையிலுள்ள புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற பலர் இன்று சொந்தப் பட்டறை நடத்துகிறார்கள். முதல் கிண்ணத்துக்குக் கியோட்டோ போக வேண்டியதில்லை. புதுச்சேரிப் பட்டறைகளில் பலவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்குங்கள்.